டிசம்பர் 11 அன்று என்ன நடந்தது? யார் ஊர்க் கடிகாரத்தில் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி சின்னது, பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு டிசம்பர் 11 பிறந்த நாள், ‘நான் பிறந்த தேதியில் வரலாறு’ என்று ஒரு சார்ட் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள், இணையத்தில் எடுத்த மூன்று பட்டியலும் மூன்று மாதிரி இருக்கின்றன, ஒன்றில் 11 என்று இருப்பது இன்னொன்றில் 12 என்று இருக்கிறது, எதை நம்பி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பள்ளியில் பல வருடம் வாசல் கரும்பலகையில் தினமும் காலையில் ‘இன்றைய நாள்’ எழுதிக்கொண்டிருந்தவன் நான். இந்தக் குழப்பம் எனக்குப் பழகியது. பெரும்பாலும் பட்டியல் போட்டவர் தப்பு செய்திருக்க மாட்டார். தேதியே அப்படித்தான், ஒரு ஊரில் 11 ஆக இருப்பது இன்னொரு ஊரில் 12 ஆக இருக்கும்.

முதலில் வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் அந்தத் தாளைப் பாருங்கள். நடுவில் பெரிதாக 11, ஓரத்தில் ராகு காலம், எமகண்டம், குளிகை, கீழே சின்ன எழுத்தில் ‘பாரதியார் பிறந்த நாள்’. அதே தாளில் தமிழ்த் தேதியையும் பாருங்கள், கார்த்திகை 25 அல்லது 26 என்று போட்டிருக்கும். ஆனால் பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27, மூல நட்சத்திரம். அன்று 27, இன்று 25. எங்கே போனது அந்த ஒன்றிரண்டு நாள்? நம் பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிட இருபது நிமிடம் போல நீளம். அந்த இருபது நிமிடம் சேர்ந்து சேர்ந்து அறுபது, எழுபது வருடத்துக்கு ஒரு நாள் நகரும். ஆகவே பாரதிக்கு தமிழ்த் தேதிப்படி பிறந்த நாள் கொண்டாடினால் இப்போது டிசம்பர் 12 அல்லது 13இல் வரும். நட்சத்திரப்படி கொண்டாடினால், கார்த்திகை மூலம் வருடத்துக்கு வருடம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை எங்கு வேண்டுமானாலும் விழும். எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் பிறந்த அந்தக் குழந்தைக்கு வீட்டில் ‘ஆங்கிலத் தேதி 11’ என்று யாரும் பிறந்த நாள் கொண்டாடியிருக்க வாய்ப்பில்லை. பின்னால் வந்த நாம்தான் 11ஐப் பிடித்துக்கொண்டோம். 2022 முதல் மத்திய அரசும் இதே தேதியை இந்திய மொழிகள் நாளாகக் கொண்டாடச் சொல்கிறது. அது பாரதியை ஒட்டி வைத்த நாள், சார்ட்டில் தாராளமாக எழுதலாம்.

பிறந்த தேதியில் இவ்வளவு என்றால் அவர் இறந்த தேதியில் சண்டையே உண்டு. திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. மாநகராட்சிப் பதிவேட்டில் 12 என்று இருக்கிறது. கடிகாரப்படி அது சரி. வீட்டில் இருந்தவர்களுக்கு அது 11ஆம் தேதி ராத்திரி. நம் வழக்கில் நாள் மாறுவது சூரிய உதயத்தில்தானே, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு என்ன மாறிவிடுகிறது? இப்படி ஒரு பக்கம் 11, ஒரு பக்கம் 12 என்று ரொம்ப வருடம் நடந்தது. 2021இல் நூற்றாண்டு நினைவின்போது தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. இது செப்டம்பர் விஷயம், உங்கள் சார்ட்டுக்கு வேண்டாம். ஆனால் அந்த ‘நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி’யை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள், கீழே மறுபடி வருவேன்.

பாரதி பிறந்த அதே நாளில், அதே 1882இல், அன்று ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் என்ற ஊரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) இன்னொரு குழந்தை பிறந்தது. மாக்ஸ் பார்ன். குவாண்டம் இயற்பியலில் ஒரு துகள் இந்த இடத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும் என்ற விளக்கத்தைக் கொடுத்தவர், 1954இல் அதற்காக நோபல் வாங்கினார். கடவுள் தாயம் உருட்டுவதில்லை என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக எல்லாரும் சொல்வார்களே, அது 1926 டிசம்பரில் இவருக்கு எழுதிய கடிதத்தில் வந்த வாதம். யூதர் என்பதால் 1933இல் நாஜிகள் அவரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கினார்கள். அப்போது சர் சி. வி. ராமன் அவரை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தார். 1935, 36 குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் மனைவியோடு அங்கே இருந்தார். நிரந்தர வேலை கொடுத்து இங்கேயே வைத்துக்கொள்ள ராமன் முயன்றார், கைகூடவில்லை. எடின்பரோவுக்குப் போய்விட்டார். எனக்கு இதில் எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு. எட்டயபுரத்துக்காரர் 39 வயது நிறையாமலே போய்விட்டார், அவரோடு ஒரே நாளில் பிறந்தவர் அதற்கப்புறம் பதினான்கு வருடம் கழித்து பெங்களூருக்கு வந்து பாடம் நடத்திவிட்டுப் போகிறார்.

இன்னும் முடியவில்லை. 1969 டிசம்பர் 11 அன்று மாக்ஸ் பார்னுக்கு 87 வயது நிறைந்தது. அதே நாள் மயிலாடுதுறையில் விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தார். அடுத்த மாதம், 1970 ஜனவரி 5 அன்று பார்ன் இறந்துவிட்டார். ஒரு இருபத்தைந்து நாள் இருவரும் ஒரே உலகத்தில் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, ஜோசியம் பார்க்காதீர்கள். ஆனால் சார்ட்டில் இதைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பிள்ளைகள் நின்று படிப்பார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். ஆனந்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர், ஐந்து முறை உலக சாம்பியன், முதல் கேல் ரத்னா விருது அவருக்குத்தான். பலருக்குத் தெரியாத ஒன்று, 4538 என்ற எண் கொண்ட குறுங்கோளுக்கு ‘விஷியானந்த்’ என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் குறுங்கோளை ஜப்பானில் கண்டுபிடித்ததும் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆன அதே 1988இல்தான்.

இந்த டிசம்பர் 11க்கு ஒரு பாவம் உண்டு. எல்லா ஆரவாரத்தையும் பக்கத்து வீட்டு 12 தட்டிக்கொண்டு போய்விடும். ரஜினிகாந்த் பிறந்த நாள் 12. அவரோடு திரையில் மோதிய ரகுவரன் பிறந்தது முந்தைய நாள், 1958 டிசம்பர் 11, பாலக்காடு பக்கம் கொல்லங்கோடு. 12ஆம் தேதி ஊரெல்லாம் பேனர், 11ஆம் தேதி ரகுவரனுக்கு யாராவது ஒரு பதிவு போட்டால் உண்டு. செஸ்ஸிலும் அதே கதை. ஆனந்தை முன்னோடியாகக் கொண்டு வளர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனது 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில், ஆனந்தின் பிறந்த நாளுக்கு மறுநாள். எகிப்து நாவலாசிரியர் நகிப் மஹ்ஃபூஸ், அரபு மொழியில் எழுதி நோபல் வாங்கிய முதல் ஆள், கெய்ரோவில் பிறந்தது 1911 டிசம்பர் 11. மறுநாள் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவிக்கிறார், இந்திய வரலாற்றுப் புத்தகத்தில் அதுதான் நிற்கிறது.

அந்த ஐந்தாம் ஜார்ஜின் மகன் கதை ஒன்று இதே தேதியில் இருக்கிறது. இந்தத் தேதியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கதை அது, ஏனென்றால் பட்டியலில் இரண்டு தனித்தனி வரியாக இருக்கும் விஷயங்கள் நிஜமாகவே ஒன்றோடொன்று பின்னியவை. 1931 டிசம்பர் 11 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அமலுக்கு வந்தது. கனடா, தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து சுதந்திர நாடு, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நியூஃபவுண்ட்லாந்து ஆகிய டொமினியன்களுக்கு (பிரிட்டிஷ் அரசரின் கீழ் தன்னாட்சி நடத்திய நாடுகள்), இனிமேல் லண்டனில் போடும் சட்டம் நீங்கள் கேட்டுச் சம்மதித்தால் தவிர உங்களைக் கட்டாது என்று சொன்ன சட்டம். அரச வாரிசு முறையில் கை வைப்பதானால் அவர்கள் சம்மதமும் வேண்டும் என்று முன்னுரையிலேயே எழுதிவைத்தார்கள். எழுதியவர்கள், அதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். சரியாக ஐந்தே வருடம், 1936 டிசம்பர் 11, எட்டாம் எட்வர்டு முடி துறந்தார். விவாகரத்தான வாலிஸ் சிம்ப்சனைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக.

அவர் கையெழுத்துப் போட்டது 10ஆம் தேதி, மூன்று தம்பிகளும் சாட்சி. முடிதுறப்புச் சட்டம் நிறைவேறி அமலுக்கு வந்தது 11ஆம் தேதி பிற்பகல், அந்தச் சட்டத்துக்கு அரசராக ஒப்புதல் கொடுத்ததுதான் அவர் செய்த கடைசி வேலை. அன்றிரவு விண்ட்சர் கோட்டையிலிருந்து வானொலியில் பேசினார், அறிவிப்பாளர் ‘மேன்மைதங்கிய இளவரசர் எட்வர்டு’ என்று அறிமுகப்படுத்தினார், காலையில் அரசர், இரவில் இளவரசர். ஆனால் 1931 சட்டத்தின் காரணமாக ஒவ்வொரு நாடும் தன் பங்குக்கு இதை ஏற்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கா அடுத்த வருடம் ஒரு சட்டம் போட்டு, கையெழுத்துப் போட்ட 10ஆம் தேதியே அவர் பதவி போய்விட்டது என்று சொன்னது. அயர்லாந்தில் அரசுத் தலைவராக இருந்த டி வலேரா சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டு தனிச் சட்டம் கொண்டுவந்தார், அங்கே அது நடந்தது 12ஆம் தேதி. ஆக அதே அண்ணன் தம்பி, அதே கிரீடம், ஆனால் தம்பி ஆறாம் ஜார்ஜ் அரசரானது தென்னாப்பிரிக்காவில் 10, லண்டனில் 11, டப்ளினில் 12. இதில் எந்தப் பட்டியல் தப்பு? மூன்றுமே சரி. உங்கள் மகள் வகுப்பில் யாராவது ‘டிசம்பர் 10 என்றுதான் படித்தேன்’ என்று சொன்னால் எந்த நாட்டில் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கடிகார விஷயம். இசைக்காரர்களுக்கு இந்தத் தேதி துக்க நாள். எம். எஸ். சுப்புலட்சுமி 2004 டிசம்பர் 11 சனிக்கிழமை இரவு சென்னையில் காலமானார், வயது 88, மார்கழி இசை சீசன் தொடங்கப்போகும் நேரம். 1998இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞர். அடுத்த வருடம் 1999இல் அதே விருதைப் பெற்றவர் சிதார் மேதை ரவிசங்கர், அவர் இறந்தது 2012 டிசம்பர் 11, அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியில், அங்கே மாலை நாலரை மணிக்கு. அப்போது நம் ஊரில் 12ஆம் தேதி காலை ஆறு மணி. நாம் கேள்விப்பட்டது 12, ஆகவே பலர் இன்றும் 12 என்றுதான் சொல்வார்கள். நானும் முதல் வருடம் 12ஆம் தேதி பலகையில்தான் எழுதினேன், அறிவியல் ஆசிரியர் பார்த்துவிட்டு, சார், செத்த ஊர்க் கணக்கைப் போடுங்கள் என்றார். அடுத்த வருடம் ஒழுங்காக 11இல் எழுதினேன். பக்கத்தில் படம் ஒட்டச் சொன்ன பையன் வேறொரு ரவிசங்கரின் படத்தை, தாடியோடு, உயிரோடு நன்றாக இருப்பவர் படத்தை ஒட்டிவிட்டான், பிரேயர் முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை.

நிலவுக்கும் இதே பிரச்சினை. மனிதர் நிலவில் கடைசியாக இறங்கிய அப்போலோ 17, 1972 டிசம்பர் 11. ஜீன் செர்னன், ஹாரிசன் ஷ்மிட் இருவரும் டாரஸ் லிட்ரோ பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். ஷ்மிட் பாறைகளை ஆராயும் நிலவியலாளர், நிலவில் கால் வைத்த ஒரே தொழில்முறை விஞ்ஞானி. இறங்கிய நொடியில் ஹூஸ்டனில் 11ஆம் தேதி மதியம் 1.54, லண்டனில் இரவு 7.54, நம் ஊரில் 12ஆம் தேதி பின்னிரவு 1.24.

இப்போது பாரதியின் ஒன்றரை மணிக்குத் திரும்பி வாருங்கள். நாள் மாறுவது சூரிய உதயத்தில்தான் என்ற பாட்டி கணக்கை எடுத்துக்கொண்டால், பின்னிரவு 1.24 இன்னும் 11தான். ரவிசங்கர் இறந்த காலை ஆறு மணியும், அவர் பிறந்த வாரணாசியில் டிசம்பர் மாதம் ஆறரைக்குத்தான் சூரியன் உதிக்கும் என்பதால், 11தான். பாரதியின் ஒன்றரை மணியும் அந்தக் கணக்கில் செப்டம்பர் 11தான். நள்ளிரவுக் கடிகாரம் தகராறு செய்த மூன்றையும் சூரிய உதயக் கணக்கு ஒரே வரியில் தீர்த்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என்னவோ கணக்கில் நூறு வாங்கிய மாதிரி இருந்தது. அரசாங்கப் பதிவேட்டுக்கு இது செல்லாது என்பது வேறு விஷயம்.

மற்றவற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1946 டிசம்பர் 11 இரண்டு காரணத்துக்காக முக்கியம். டெல்லியில் அரசியல் நிர்ணய சபை இரண்டு நாள் முன்னால்தான் முதல்முறை கூடியிருந்தது, சச்சிதானந்த சின்கா தற்காலிகத் தலைவர். 11 அன்று ராஜேந்திர பிரசாத்தை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதே தேதியில் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபை யுனிசெஃப் அமைப்பைத் தொடங்கியது. போரில் நொறுங்கிய நாடுகளின் குழந்தைகளுக்குப் பாலும் உணவும் துணியும் கொடுக்க ஒரு அவசர நிதி, கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்தது. 1953இல் நிரந்தரமாக்கியபோது பெயரிலிருந்து ‘சர்வதேச’, ‘அவசர’ என்ற இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் சுருக்கப் பெயர் எல்லார் வாயிலும் பழகிவிட்டதால் அதை மட்டும் மாற்றவில்லை. சில பட்டியல்களில் இதைக் குழந்தைகள் தினம் என்று போட்டிருப்பார்கள், அது கிடையாது. ஐ.நா.வின் குழந்தைகள் தினம் நவம்பர் 20, நமக்கு நவம்பர் 14. டிசம்பர் 11க்கு ஐ.நா. முறையாக அறிவித்த நாள் சர்வதேச மலைகள் நாள். 2002ஐ மலைகள் ஆண்டாகக் கொண்டாடிவிட்டு 2003 முதல் இந்தத் தேதியை வைத்துக்கொண்டார்கள். ஊட்டிப் பக்கம் சொந்தம் இருந்தால் தொட்டபெட்டா படம் ஒன்று ஒட்டலாம், 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம்.

1997 டிசம்பர் 11, கியோட்டோ உடன்படிக்கை. பணக்கார நாடுகள் கரியமில வாயு உட்பட ஆறு வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டது. இதுவும் தேதி தள்ளிய கேஸ்தான், மாநாடு 10ஆம் தேதியோடு முடிய வேண்டியது, விடிய விடிய இழுபறி நடந்து 11இல் வந்து நின்றது. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் 143ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது, கடைத்தெருவில் பொம்மை, டார்ச் லைட் விலையெல்லாம் மாறியதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. 1941இல் ஜெர்மனியும் இத்தாலியும் அமெரிக்காமீது போர் அறிவித்தன. 2013இல் உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு செல்லும் என்றது, ஐந்து வருடத்தில் அதே நீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது. 2023இல் காஷ்மீருக்குத் தனி அந்தஸ்து தந்த 370ஆம் பிரிவை நீக்கியது செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டு தீர்ப்பும் ஏழாம் வகுப்பு சார்ட்டுக்கு வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

1964 மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். சே குவேரா ஐ.நா. பொதுச் சபையில் பேசிக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் ஈஸ்ட் நதிக்கு எதிர்க்கரையிலிருந்து ஐ.நா. கட்டடத்தை நோக்கி யாரோ பசூக்காவால் ஒரு குண்டு சுட்டார்கள். அது எட்டாமல் தண்ணீரில் விழுந்து பெரிய நீர்த்தூண் எழுந்தது, கட்டடத்தின் ஜன்னல்கள் அதிர்ந்தன, அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆறாம் ஏழாம் வகுப்புப் பையன்கள் பலகையில் இதை மட்டும்தான் படிப்பார்கள், பாரதியெல்லாம் அப்புறம்தான்.

பிறந்தவர்களில் இன்னும் சிலர். திலீப் குமார், 1922, பெஷாவர், இயற்பெயர் யூசுஃப் கான். பிரணாப் முகர்ஜி, 1935. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், 1843. அந்தக் கண்டுபிடிப்பை அவர் அறிவித்தது 1882 மார்ச் 24, பாரதி பிறந்த வருடம், அந்த மார்ச் 24தான் இன்று உலகக் காசநோய் தினம். என் பலகையில் நான் விடாமல் எழுதிய பெயர் ஆனி ஜம்ப் கேனன், 1863, அமெரிக்க வானியலாளர், ஏறக்குறையக் காது கேளாதவர். ஹார்வர்டு வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த ஒளிப்பட்டைகளைப் பார்த்துப் பார்த்து மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை வகை பிரித்தவர். இன்றும் வானியலில் நட்சத்திரங்களை வெப்பம் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசைப்படுத்துகிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். உங்களுக்குப் பெண் குழந்தை, இவரைக் கட்டாயம் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை, பழைய காலத்துத் தேதிகளில் கவனம் வேண்டும். ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனிட்சின் பிறந்தது 1918 டிசம்பர் 11. ரஷ்யா பழைய ஜூலியன் காலண்டரை விட்டது அதே 1918 பிப்ரவரியில். ஒரு வருடம் முன்னால் பிறந்திருந்தால் அவர் வீட்டில் நவம்பர் 28 என்று எழுதியிருப்பார்கள். வேல்ஸ் நாட்டின் கடைசி சுதந்திர இளவரசர் லெவெலின் கொல்லப்பட்டது 1282 டிசம்பர் 11, பாரதி பிறப்பதற்குச் சரியாக அறுநூறு வருடம் முன்னால் என்று அழகாக வரும். ஆனால் அது ஜூலியன் தேதி, இன்றைய காலண்டருக்கு மாற்றினால் டிசம்பர் 18 ஆகிவிடும். ‘சரியாக’ என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதுங்கள்.

பிறந்த தேதி ஒன்றாக இருப்பதைப் பெரிய அதிசயமாகச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர், 365 நாளில் வகுத்தால் நாளுக்கு இரண்டு கோடிக்கு மேல் வரும். 23 பேர் உள்ள ஒரு வகுப்பில் யாராவது இரண்டு பேருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பது பழைய கணக்கு, வகுப்பிலேயே கேட்டுப் பார்க்கலாம். அதுவும் நம் தலைமுறைக்கு முன்னால் பிறந்தவர்களிடம் கேட்டால் கதையே வேறு. பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைய வேண்டுமே என்று தலைமை ஆசிரியரே ஜூன் முதல் தேதி, மே பத்து என்று ஒன்றைப் போட்டுவிடுவார். என் அப்பாவுக்கு சான்றிதழில் ஜூன், வீட்டில் ஐப்பசி உத்திரம். இரண்டு நாளும் வேறு வேறு, அவர் பாயசம் குடித்தது ஐப்பசியில், ஓய்வு பெற்றது ஜூன் கணக்கில்.

சார்ட்டுக்கு என் யோசனை இது. நடுவில் பாரதி, ஒரு பக்கம் மாக்ஸ் பார்ன், ஒரு பக்கம் ஆனந்த். கீழே ஆனி கேனன், யுனிசெஃப், மலைகள் நாள். ஓரத்தில் எட்வர்டுக்கு மூன்று கட்டம் போட்டு 10, 11, 12. ரவிசங்கர், அப்போலோ 17 இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் வரைந்து அந்த ஊர் நேரம், நம் ஊர் நேரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

இடம் மிச்சம் இருந்தால் மூலையில் ஒரு காலிக் கட்டம் போட்டு, அதன் கீழே ‘பிரான்ஸ், 1582 டிசம்பர் 11’ என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் கட்டாயம் கேட்பார், என்னம்மா இது, ஒன்றுமே எழுதவில்லையே என்று. அந்த வருடம் பிரான்ஸ் புதிய கிரிகோரியன் காலண்டருக்கு மாறியது, டிசம்பர் 9 ஞாயிற்றுக்கிழமை படுத்தவர்கள் மறுநாள் திங்கட்கிழமை எழுந்தபோது தேதி 20. நடுவில் இருந்த பத்து தேதியையும் எடுத்துவிட்டார்கள், நம் 11உம் அதில் போய்விட்டது. அந்த வருடம் அங்கே யாரும் அந்தத் தேதியில் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை.